"குடியரசுத் தலைவரின் ஆணைப்படி": முடிவு யாருடையது, கையெழுத்து யாருடையது?

இளவேனில்:

மத்திய அரசுப் பணி நியமன ஆணையை எடுத்தால், குடியரசுத் தலைவர் நியமிப்பதாக வாசகம். ரயில்வே ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு "இந்தியக் குடியரசுத் தலைவர்". அரசிதழ் அறிவிக்கையில் "குடியரசுத் தலைவரின் ஆணைப்படி" என்று போட்டு, கீழே ஓர் இணைச் செயலாளரின் கையெழுத்து. தேர்வு வழிகாட்டிகள் அவருடைய அதிகாரங்களை நிர்வாகம், சட்டமியற்றல், நீதி, நெருக்கடி என்று நாலு தலைப்பில் அடுக்கிவிட்டு நின்றுவிடுகின்றன. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இத்தனை காகிதத்தில் எதை அவர் உண்மையிலேயே பார்க்கிறார்? பிடிக்கவில்லை என்றால் மறுக்க முடியுமா, எத்தனை முறை? அந்த ஆணையால் பாதிக்கப்பட்டவர் யார் மீது வழக்குப் போடுவது? விவரம் தெரிந்தவர்கள் பிரிவு எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கோப்புநடை:

முதல் கேள்விக்கு: பெரும்பாலானவற்றை அவர் பார்ப்பதே இல்லை. அதில் சட்டக் குறை எதுவும் கிடையாது, ஏற்பாடே அப்படி.

அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 53 ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது. அதை அவர் நேரடியாகவோ தமக்குக் கீழுள்ள அதிகாரிகள் வழியாகவோ செலுத்தலாம். பிரிவு 77 நடைமுறையைச் சொல்கிறது. அதன் மூன்று உட்பிரிவுகளையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும், குழப்பமெல்லாம் இவற்றைக் கலப்பதில்தான் வருகிறது.

77(1): நிர்வாக நடவடிக்கை எல்லாம் குடியரசுத் தலைவர் பெயரில் வெளிப்பட வேண்டும். 77(2): விதிப்படி சான்றொப்பம் இடப்பட்ட ஆணையை "இது குடியரசுத் தலைவர் போட்ட ஆணை இல்லை" என்று சொல்லி எதிர்க்க முடியாது. 77(3): வேலையை அமைச்சர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் விதிகளை அவர் வகுக்க வேண்டும்.

இந்த மூன்றாவதில் பிறந்தவைதான் 1961-ன் இரண்டு விதித் தொகுப்புகள். எந்தப் பொருள் எந்த அமைச்சகத்துக்கு என்று ஒன்று சொல்கிறது. எந்தக் கோப்பு அமைச்சரோடு முடியும், எது கேபினட்டுக்குப் போகும், எது பிரதமர் வழியாகக் குடியரசுத் தலைவர்வரை போகும் என்று மற்றது சொல்கிறது. சான்றொப்பத்துக்கு 2002-ல் வந்த தனி விதிகள் உண்டு. அவற்றின்படி செயலாளரிலிருந்து சார்புச் செயலாளர்வரை கையெழுத்திடலாம். நீங்கள் பார்த்த இணைச் செயலாளர் முடிவெடுத்தவர் என்று பொருளில்லை. எடுத்த முடிவுக்குச் சான்று தருபவர் அவர். முடிவெடுத்தவர் அமைச்சராக இருக்கலாம், கேபினட்டாக இருக்கலாம், அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தால் இன்னொரு அதிகாரியாகவும் இருக்கலாம்.

"குடியரசுத் தலைவர் திருப்தியடைந்தால்" என்று அரசமைப்பில் வரும் இடங்களிலும் பொதுவாக அது அமைச்சரவையின் திருப்திதான். ஷம்ஷேர் சிங் வழக்கில் 1974-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கிவிட்டது.

---

மன்றவாசல்:

கோப்புநடை சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கோப்பில் அமைச்சர் எழுதிவிட்டார் என்பதாலேயே அது ஆணை ஆகிவிடாது. தகவல் உரிமையில் கோப்புக் குறிப்பின் நகலை வாங்கி, "அமைச்சரே எனக்குச் சாதகமாக எழுதியிருக்கிறார்" என்று வழக்குக்கு வருபவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

பச்சித்தர் சிங் வழக்கு (தீர்ப்பு 1962) இதற்கு அளவெடுத்த உதாரணம். பெப்சு மாநிலத்தில் வருவாய்த்துறை ஊழியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீட்டில் வருவாய் அமைச்சர், நீக்க வேண்டாம், பதவி இறக்கினால் போதும் என்று கோப்பில் எழுதினார். அதற்குள் 1956 நவம்பரில் பெப்சு பஞ்சாபோடு இணைந்தது. கோப்பு புதிய மாநிலத்துக்குப் போக, அங்கே முதலமைச்சர் பணிநீக்கமே சரி என்று முடித்தார். ஊழியர் அமைச்சரின் குறிப்பைக் காட்டி உச்ச நீதிமன்றம்வரை போனார். நீதிமன்றம் கேட்டது இரண்டே கேள்வி: அந்தக் குறிப்பு மாநிலத் தலைவர் பெயரில் முறையான ஆணையாக வெளிப்பட்டதா? சம்பந்தப்பட்டவருக்கு அனுப்பப்பட்டதா? இரண்டும் இல்லை. அனுப்பப்படும்வரை அதிகாரத்தில் இருப்பவர் மனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு.

அதேசமயம், வாசகத்தில் "குடியரசுத் தலைவர் பெயரில்" என்ற சொற்கள் விடுபட்டதாலேயே ஆணை செத்துவிடாது. 77(2) தரும் பாதுகாப்பு போய்விடும், அவ்வளவுதான். அப்போது முடிவை விதிப்படி உரிய ஆள்தான் எடுத்தார் என்று அரசு வேறு ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும்.

---

நான்மாடம்:

டெண்டர் விஷயத்துக்கு வருகிறேன். பணம் போவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாக.

ஒப்பந்தத்துக்கு 77 அல்ல, பிரிவு 299. மூன்று நிபந்தனை: ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் செய்துகொள்வதாக எழுதப்பட வேண்டும், அவர் சார்பாக நிறைவேற்றப்பட வேண்டும், கையெழுத்திடுபவர் அதற்கு அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். ஆணையில் வாசகம் தவறினால் தப்பிக்கலாம் என்று மன்றவாசல் சொன்னாரே, இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஒரு நிபந்தனை தவறினாலும் ஒப்பந்தம் செல்லாது, அரசு பிற்பாடு ஒப்புக்கொண்டாலும் உயிர் பெறாது.

பிக்ராஜ் ஜெய்புரியா வழக்கில் நடந்தது இது. ரயில்வே கோட்டக் கண்காணிப்பாளர் உணவு தானியம் வாங்க ஆர்டர் கொடுத்தார். குடியரசுத் தலைவர் சார்பில் என்ற வாசகம் ஆர்டரில் இல்லை. ரயில்வே மீதிச் சரக்கை எடுக்க மறுத்ததும் வணிகர் நஷ்டஈடு கேட்டார். செல்லாத ஒப்பந்தத்தை மீறியதற்கு நஷ்டஈடு கிடையாது என்று முடிந்தது. (தீர்ப்பு சுதந்திரத்துக்கு முந்தைய சட்டத்தின் அதே ஷரத்தை வைத்து எழுதப்பட்டது, 299-க்கும் அதுவே பொருந்தும்.)

பொருளைக் கொடுத்து, அரசு அதை அனுபவித்தும்விட்டது என்றால் முழுக்கக் கைவிரிக்க வேண்டியதில்லை. 1872-ன் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 70 இருக்கிறது. இலவசமாகக் கொடுக்கும் எண்ணமில்லாமல் கொடுத்ததை ஒருவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும். மேற்கு வங்க அரசுக்கு எதிரான பி.கே. மண்டல் வழக்கில் இதன் அடிப்படையில் பணம் கிடைத்தது. ஆனால் கிடைப்பது செய்த வேலைக்கான நியாயமான மதிப்பு. ஒப்பந்த லாபமோ, இன்னும் கொடுக்காத சரக்குக்கான இழப்போ இதில் வராது. ஆகவே கையெழுத்துப் பக்கத்தில் "இந்தியக் குடியரசுத் தலைவருக்காக, அவர் சார்பில்" என்ற வரியும், அதன் கீழே அதிகாரியின் பதவிப் பெயரும் முத்திரையும் இருக்கிறதா என்று வேலை தொடங்குமுன் பாருங்கள். பணி ஆணைக் கடிதம் மட்டும் கையில் இருந்தால், ஒப்பந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வழக்கு என்று வந்தால் பெயர் மாறும். ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் பெயரில், வழக்கோ "இந்திய ஒன்றியம்" மீது. இது பிரிவு 300-ம் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 79-ம் சொல்வது. குடியரசுத் தலைவரைப் பிரதிவாதியாகப் போடக்கூடாது. பதவி சார்ந்த செயல்களுக்கு அவர் எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிறது பிரிவு 361. 299(2)-ன்படி ஒப்பந்தத்துக்கு அவருக்கும் கையெழுத்திட்ட அதிகாரிக்கும் சொந்தப் பொறுப்பும் இல்லை.

வழக்குக்கு முன் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80 நோட்டீஸ். கொடுத்து இரண்டு மாதம் முடிய வேண்டும். ரயில்வே சம்பந்தப்பட்டதென்றால் அந்த ரயில்வேயின் பொது மேலாளருக்கு, மற்றதென்றால் துறைச் செயலாளருக்கு. நோட்டீஸில் வாதியின் பெயர், விவரம், வசிப்பிடம், வழக்கின் காரணம், கேட்கும் பரிகாரம் எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு மாதம் காத்திருந்தால் காலவரம்பு தாண்டிவிடுமோ என்று பயந்து அவசரமாகத் தாக்கல் செய்து திருப்பி வாங்குபவர்கள் உண்டு. பயம் வேண்டாம், காலவரம்புச் சட்டம் பிரிவு 15(2) அந்த நோட்டீஸ் காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது. உடனடி நிவாரணம் தேவையென்றால் 80(2)-ன்படி நீதிமன்ற அனுமதியோடு நோட்டீஸ் இல்லாமலே போகலாம். ரிட் மனுவுக்கு இந்த நோட்டீஸே தேவையில்லை.

---

பொருநை:

> பெரும்பாலானவற்றை அவர் பார்ப்பதே இல்லை

அப்படியானால் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்று சொல்வதில் என்ன தவறு? 42-வது திருத்தம் 1976-லேயே அமைச்சரவை ஆலோசனைப்படி "நடக்க வேண்டும்" என்று கட்டிவிட்டதே.

---

கோப்புநடை:

தவறு இருக்கிறது, பொருநை. 1978-ன் 44-வது திருத்தத்தை விட்டுவிட்டீர்கள். ஆலோசனையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம் என்று அது 74(1)-ல் சேர்த்தது. மறுபடி அதே ஆலோசனை வந்தால் ஏற்றே ஆக வேண்டும். ஒருமுறைதானே என்று தள்ளிவிட முடியாது.

1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை அத்தோடு விட்டுவிட்டது. 1998 செப்டம்பரில் பீகாருக்காக வாஜ்பாய் அமைச்சரவை அனுப்பியதையும் திருப்பினார். அது 1999 பிப்ரவரியில் மறுபடி வந்தது, கையெழுத்திட்டார். மாநிலங்களவையில் பெரும்பான்மை கிடைக்காது என்று தெரிந்ததும் மார்ச்சில் அரசே அதை விலக்கிக்கொண்டது. ஒரே அதிகாரம், ஒருமுறை தடுத்தது, ஒருமுறை ஐந்து மாதம் தள்ளிப்போட்டது. அந்த ஐந்து மாதமும் ஒரு தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு பதவியில் இருந்தது. அதைச் சின்ன விஷயம் என்று என்னால் எண்ண முடியவில்லை.

இன்னொன்று: மசோதாவைத் திருப்புவது இதிலிருந்து வேறு. அது பிரிவு 111. அங்கே திரும்பிப் போவது அமைச்சரவைக்கு அல்ல, நாடாளுமன்றத்துக்கு. 2006 மே மாதத்தில் அப்துல் கலாம் ஆதாயம் தரும் பதவி மசோதாவைத் திருப்பினார். இரு அவைகளும் அப்படியே மறுபடி நிறைவேற்ற, ஆகஸ்டில் ஒப்புதல் தந்தார். பண மசோதாவைத் திருப்ப முடியாது. அரசமைப்புத் திருத்த மசோதாவுக்கு ஒப்புதல் தந்தே ஆக வேண்டும், 1971-ன் 24-வது திருத்தம் அப்படி ஆக்கிவிட்டது.

111-ல் ஒரு சந்து உண்டு. "கூடிய விரைவில்" என்ற சொல் திருப்பி அனுப்புவதற்கு மட்டும்தான் வருகிறது. ஒப்புதல் தருவதற்கோ மறுப்பதற்கோ நாள் குறிக்கப்படவில்லை. 1986-ல் இரு அவைகளும் நிறைவேற்றிய அஞ்சல் அலுவலகத் திருத்த மசோதா, கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிவான அதிகாரம் தருவதாகக் கண்டனத்துக்கு ஆளானது. ஜெயில் சிங் அதன்மீது எந்த முடிவும் எடுக்காமலே 1987 ஜூலையில் பதவிக்காலத்தை முடித்தார். அது சட்டமாகவே இல்லை.

---

மன்றவாசல்:

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், கோப்புநடை சார். கேள்வி கேட்க வேண்டிய இரவில் கேட்காமல் கையெழுத்து விழுந்ததும் உண்டு.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனம் கேபினட் கூடாமலே ஃபக்ருதீன் அலி அகமதுவிடம் போனது. கேபினட்டுக்கு மறுநாள் காலைதான் சொல்லப்பட்டது. சட்டப்படி வழி திறந்துவிட்டது எது? நீங்கள் சொன்ன அதே 1961 விதிகளின் விதி 12. எந்த விவகாரத்திலும் விதிகளிலிருந்து விலகப் பிரதமர் அனுமதிக்கலாம் என்று அது சொல்கிறது. பிரதமரின் கடிதமே அதை மேற்கோள் காட்டியது. அந்தக் கதவை அடைக்கத்தான் 44-வது திருத்தம் 352(3)-ஐச் சேர்த்தது: கேபினட்டின் முடிவு எழுத்தில் வராமல் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யக்கூடாது. அரசமைப்புச் சட்டத்தில் "கேபினட்" என்ற சொல் வருவது இந்த ஓரிடத்தில்தான்.

ஆனால் அடைத்தது 352-க்கு மட்டும். மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் 356-க்கு அந்தப் பூட்டு இல்லை. 2019 நவம்பர் 23 அதிகாலை 5.47-க்கு மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டது. கேபினட் கூடவில்லை, விதி 12-தான் பயன்பட்டது, ஒப்புதல் பின்னால் வாங்கப்பட்டது. இரண்டும் வெவ்வேறு கட்சிகளின் ஆட்சியில் நடந்தவை. விதி 12 அப்படியே இருக்கிறது. யார் ஆண்டாலும் இந்த விதிக்கு ஒரு வரம்பு கட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2005 மே மாதம் பீகார் பேரவைக் கலைப்பில் கேபினட் கூடியது உண்மை, ஆனால் நள்ளிரவில். காகிதம் மாஸ்கோவில் இருந்த கலாமுக்குப் போய்க் கையெழுத்தானது. 2005 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு முரண் என்றது, ஆனால் பழைய பேரவையை உயிர்ப்பிக்கவில்லை. விரிவான தீர்ப்பு 2006 ஜனவரியில் வந்தபோது மறுதேர்தலே முடிந்திருந்தது.

---

நான்மாடம்:

நாடாளுமன்றம் கூடாதபோது குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம் பற்றி யாரும் எழுதவில்லை. சுருக்கமாக: பிரிவு 123-ல் ஆயுள் ஆறு மாதம் என்று பலரும் எழுதுகிறார்கள், தவறு. நாடாளுமன்றம் மறுபடி கூடியதிலிருந்து ஆறு வாரம். அவைகள் வெவ்வேறு நாளில் கூடினால் பிந்திய நாளிலிருந்து எண்ண வேண்டும். இரு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதால் உச்சபட்சம் ஏறக்குறைய ஏழரை மாதம் வருகிறது. அவையில் வைக்காமல் மறுபடி மறுபடி பிறப்பிப்பது மோசடி என்று 1986-ல் வாத்வா வழக்கு சொன்னது (பீகாரில் 1967-லிருந்து 1981-க்குள் 256 அவசரச் சட்டங்கள், சில 14 ஆண்டுகள்வரை உயிரோடு வைக்கப்பட்டன). அவையில் வைப்பது கட்டாயம் என்று 2017-ல் ஏழு நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது.

---

இளவேனில்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். கருணை மனுவில் அவர் சொந்தமாக முடிவெடுக்கிறாரா? மாநில மசோதா அவரிடம் போனால் யார் பார்க்கிறார்கள்?

---

மன்றவாசல்:

கருணை மனுவிலும் உள்துறை அமைச்சகத்தின் ஆலோசனைப்படிதான். 1980-ன் மாரு ராம் வழக்கு. இப்போது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 472 நாள் கணக்கு வைத்திருக்கிறது. மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்ததிலிருந்து 30 நாளில் மனு. முதலில் ஆளுநரிடம் போயிருந்தால், அவர் மறுத்ததிலிருந்து 60 நாளில் குடியரசுத் தலைவரிடம். மத்திய அரசு மாநில அரசின் கருத்தையும் வழக்கு ஆவணங்களையும் பெற்ற 60 நாளுக்குள் பரிந்துரைக்க வேண்டும். முடிவு வந்ததும் 48 மணி நேரத்தில் மாநில உள்துறைக்கும் சிறைக்கும் தகவல். குடியரசுத் தலைவர் எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று மட்டும் இதிலும் இல்லை.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கே சாட்சி. 2000-ல் போன மனுக்கள் 2011-ல் நிராகரிக்கப்பட்டன. அந்தப் பதினோரு ஆண்டுத் தாமதத்துக்காகவே 2014 பிப்ரவரி 18-ல் மூவரின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் சத்ருகன் சவுகான் வழக்கில், காரணமில்லாத தாமதம் தண்டனைக் குறைப்புக்குப் போதுமான காரணம் என்றும், நிராகரிப்புத் தெரிவித்தபின் தூக்குக்கு 14 நாள் இடைவெளி வேண்டும் என்றும் தீர்ப்பாகியிருந்தது.

---

கோப்புநடை:

மாநில மசோதா: பொதுப்பட்டியலில் (மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டமியற்றக்கூடிய பொருள்கள்) மத்திய சட்டத்தோடு முரண்படும் மாநிலச் சட்டம் தன் மாநிலத்தில் நிற்க வேண்டுமானால் 254(2)-ன்படி அவருடைய ஒப்புதல் வேண்டும். மசோதா மத்திய உள்துறைக்குப் போய், அங்கிருந்து சம்பந்தப்பட்ட அமைச்சகங்களுக்கும் சட்டத்துறைக்கும் சுற்றுக்குப் போகும். அவர்களுடைய கருத்துத்தான் முடிவாகத் திரும்பி வரும்.

நமக்குத் தெரிந்த இரண்டை அருகருகே வையுங்கள். ஜல்லிக்கட்டுத் திருத்தம்: 2017 ஜனவரி 23-ல் பேரவையில் நிறைவேறி 31-ல் ஒப்புதல் பெற்றது. நீட் விலக்கு மசோதா: 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறை நிறைவேறியது, நிராகரிக்கப்பட்டதாகப் பேரவையில் அறிவிக்கப்பட்டது 2025 ஏப்ரலில். அலுவலகம் அதே, நடைமுறை அதே. எட்டு நாளுக்கும் மூன்று ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றிய அரசு அதை விரும்பியதா என்பதில்தான் இருக்கிறது. காலக்கெடு பற்றி: மாநில மசோதாக்கள் மீது முடிவெடுக்க 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு விதித்த கெடுவை, குடியரசுத் தலைவர் அந்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் பிரிவு 143-ன் கீழ் கேட்ட 14 கேள்விகளுக்குப் பதிலளித்த ஐவர் அமர்வு 2025 நவம்பர் 20-ல் ஏற்கவில்லை. நீதிமன்றம் கெடு வைக்க முடியாது, கெடு தாண்டியதால் ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்பது அதன் கருத்து.

---

பொருநை:

ரப்பர் ஸ்டாம்ப் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே கேள்வி: திரைக்குப் பின்னால் என்ன ஆலோசனை போனது என்று குடிமகன் அறிய வழி உண்டா?

---

நான்மாடம்:

பாதி உண்டு. என்ன ஆலோசனை தரப்பட்டது என்பதை நீதிமன்றம்கூட விசாரிக்க முடியாது, 74(2) தடுக்கிறது. ஆனால் ஆலோசனைக்கு அடிப்படையான ஆவணங்களைக் கேட்கலாம் என்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பிரித்துக் காட்டியது.

தகவல் உரிமைச் சட்டத்திலும் அதே கோடுதான். 8(1)(i) கேபினட் காகிதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் முடிவெடுத்து விவகாரம் முடிந்தபின் முடிவும் காரணமும் அடிப்படை ஆவணமும் வெளியிடப்பட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே "அமைச்சரவை என்ன ஆலோசனை சொன்னது" என்று எழுதாதீர்கள், மறுப்புத்தான் வரும். "இன்ன தேதி முடிவுக்கு அடிப்படையான அறிக்கைகள், அமைச்சகங்களின் கருத்துக் கடிதங்கள், அவற்றின் நகல்" என்று கேளுங்கள். மனுவைக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அனுப்ப வேண்டாம். கோப்பைத் தயாரித்த அமைச்சகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். தவறான இடத்துக்குப் போய்விட்டால் 6(3)-ன்படி அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். மறுப்பு வந்தால், கிடைத்த 30 நாளுக்குள் அதே அமைச்சகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். 8(1)(i)-ன் அந்தப் பின்பாதியை அப்படியே மேற்கோள் காட்டி, விவகாரம் முடிந்த தேதியையும் குறிப்பிடுங்கள்.